பாஸ்ட் லென்ஸ்: அகல்துளை வில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில்களில் தீமிதியைப் படமெடுப்போர், மங்கிய ஒளியிலும் படமெடுக்க உதவும் கேமரா வில்லையை ‘பாஸ்ட் லென்ஸ்’ என்று சொல்லக் கேட்கலாம். சிலர் அதை ‘வேக வில்லை’ என்று தமிழாக்குகின்றனர். தமிழில் சொல்ல வேண்டும் என்ற விருப்பம் பாராட்டுக்குரியது. ஆயினும் அப்பெயர் பொருளை மறைத்துவிடுகிறது.

வேகம் என்பது இங்கே ஒளி படும் நேரத்தைப் பற்றியது. ஒளிப்படக்கலையின் தொடக்கக் காலத் தகடுகளில் ஒளி நெடுநேரம் விழ வேண்டியிருந்ததால், படத்துக்கு அமர்ந்தவர் அசையாமல் காத்திருந்தார். 1840இல் கணிதவியலாளர் யோசெப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வடிவமைத்த உருவப்பட வில்லை, எஃப் 3.6 அளவுக்கு (எஃப் எண் சிறிதாக ஆகத் துளை அகலும்) அகன்ற துளையைக் கொண்டிருந்தமையால், அந்தக் காத்திருப்பை வெகுவாகக் குறைத்தது. 1866இல் லண்டன் வில்லைத் தயாரிப்பாளர் டால்மேயர் வெளியிட்ட வில்லைக்கு ‘ரேபிட்’ (விரைவு) என்ற சொல்லோடு ‘ரேபிட் ரெக்டிலினியர்’ என்றே பெயர். அதன் துளையோ எஃப் 8தான். ஜெர்மானியர் அகன்ற துளையுள்ள வில்லையை ‘லிஷ்ட்ஷ்டார்க்’, அதாவது ஒளிவலு மிக்கது, என்கின்றனர். அது இன்னும் பொருத்தமான பெயர்.

லென்ஸ் என்பது இலத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர். தோல் நீக்காத முழுப் பருப்பின் இருபுறமும் புடைத்த வடிவே காரணம். தமிழில் சிலர் ‘ஆடி’ என்பர்; குழியாடி, குவியாடி என எதிரொளிக்கும் பரப்புக்கு அது நிலைத்துவிட்டதால், கற்பூர வில்லையில் நாம் அறிந்த ‘வில்லை’யே குழப்பமற்றது.

ஒளி மிகுவதற்குக் காரணம் துளையின் அகலம். எனவே ‘அகல்துளை வில்லை’ என்பதே என் தெரிவு. ‘பேரொளி வில்லை’ என்றால் வில்லையே ஒளி வீசுவதாகப் பொருள்பட்டுவிடும். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும், 50 மி.மீ. வில்லையில் எஃப் 1.4 என்றால் துளை ஏறத்தாழ 36 மி.மீ., எஃப் 5.6 என்றால் 9 மி.மீ. அளவே. விட்டம் நான்கு மடங்காகும்போது ஒளி பதினாறு மடங்காகிறது. அந்தி சாய்ந்த பின் பூக்குழி இறங்குபவரை எஃப் 5.6இல் எடுக்க நொடியில் எட்டில் ஒரு பங்கு தேவைப்பட்டால், எஃப் 1.4இல் 125இல் ஒரு பங்கு போதும். ஓடும் கால்கள் பெரிதும் கலங்காமல் பதியும். ஆனால் தெளிவின் ஆழம், அதாவது படத்தில் முன்பின்னாகத் தெளிவாகத் தெரியும் தொலைவு, சுருங்கும். ஒரு மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே என்பதால், கண் தெளிவாக இருக்கையில் காது மங்கிவிடும். கையால் குவியப்படுத்தும் பழைய வில்லைகளில் இதற்குப் பொறுமையான பயிற்சி வேண்டும்.

‘ஸ்டாண்டர்ட் லென்ஸ்’ என்பதை ‘இயல்பு வில்லை’ எனலாம். 24க்கு 36 மி.மீ. படச்சட்டத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ.; அதற்கு நெருங்கிய 50 மி.மீ. குவியத் தூரமே இயல்பு வில்லைக்கு வழக்கில் நிலைத்தது. ஜப்பானிய அசாகி நிறுவனத்தின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4, சோவியத் நாட்டின் ஹீலியோஸ் 44 (58 மி.மீ., எஃப் 2) இரண்டும் இவ்வகைப் பழைய அகல்துளை இயல்பு வில்லைகள், இணைப்பு வளையம் இருந்தால் இன்றைய, உள்ளே எதிரொளிக்கும் ஆடி இல்லாத ‘மிரர்லெஸ்’ கேமராக்களிலும் பொருந்தும்.

எந்த எண்ணிலிருந்து ‘அகல்துளை’ என்று கொள்வது? இயல்பு வில்லைக்கு எஃப் 2 அல்லது அதைவிடச் சிறிய எண் என்று கொள்வது பொருந்தும். நீண்ட குவியத் தூர வில்லைகளில் எஃப் 2.8கூட இப்பெயருக்கு உரியது. ஆகவே எழுதும்போது ‘50 மி.மீ. எஃப் 1.4 அகல்துளை வில்லை’ என எண்ணையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.