கொட்டான் ஒட்ட வந்த தோழிகள்

முகூர்த்த மாதங்களில் காரைக்குடியில் உள்ள என் கிளினிக்குக்கு வரும் திங்கட்கிழமைக் கூட்டம் தனி ரகம். மருதாணி அழியாத கை, தூக்கம் இல்லாத கண், தோளில் ஊருக்குத் திரும்பும் பை. மணப்பெண்ணின் காலேஜ் தோழிகள், ஆபீஸ் நண்பர்கள். "சின்னக் காயம்தான் டாக்டர், கிளம்பணும்" என்று கையை நீட்டுவார்கள். பார்த்தால் காயம் வெள்ளிக்கிழமை ராத்திரி பட்டது. கொப்புளம் உடைந்து, மேலே பேனா மையோ பற்பசையோ காய்ந்து கிடக்கும்.

ஏன் அன்றைக்கே வரவில்லை என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: கல்யாண வீட்டில் போய் "சுட்டுக்கிட்டேன்" என்று எப்படிச் சொல்வது? சகுனம் பார்க்கும் ஆச்சிகள் இருக்கிறார்கள். பெண்ணுக்குத் தெரிந்தால் அழுவாள். உதவ வந்த இடத்தில் உபத்திரவம் ஆகிவிடக் கூடாது என்று கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டு மூன்று வீடுகளில் நடந்ததைச் சேர்த்துச் சொல்கிறேன். சென்னையில் வேலை பார்க்கும் பெண். கல்யாணம் ஊரில், வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும் பெரிய வீட்டில். தாம்பூலத்துக்கு 300 கொட்டான், அதாவது பனை ஓலையில் பின்னிய சின்னக் கூடை. அதில் ஜரிகையும் கண்ணாடிக் கல்லும் கையால் ஒட்டினால் அழகாக இருக்கும் என்று ஆசை. ஆசையில் தப்பில்லை. தோழிகள் ஐந்து பேர் பல்லவன் ரயிலில் வந்து இறங்கி, சாப்பிட்டுப் பட்டாலைக் கூடத்தில் உட்காரும்போதே மணி பத்தரை. "ஒரே ராத்திரியில முடிச்சிடலாம்டி!"

முடியாது. ஒரு கொட்டானுக்கு 6 நிமிடம் என்றாலும் 300-க்கு 30 மணி நேரம். ஐந்து பேர் பங்கு போட்டாலும் தலைக்கு 6 மணி நேரம், எழுந்திருக்காமல். அப்படியானால் விடியும்வரை. அந்தப் பழைய வீடுகளில் ப்ளக் பாயிண்ட் எங்கோ ஒரு மூலையில்தான் இருக்கும். அங்கிருந்து வளவின் (நடு முற்றத்தின்) குறுக்கே ஒயரை இழுத்து, மங்கலான விளக்கில், தரையில் குனிந்து உட்கார்ந்து, மூன்று க்ளூ கன் (பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் மின் கருவி). ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ தண்ணீர் குடிக்க எழுந்து ஒயரில் கால் தட்டினால் போதும். (பசை சொட்டியதும் வீட்டார் முதலில் பதறுவது தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்துத்தான். கையைப் பார்ப்பது அப்புறம்!)

க்ளூ கன்னை விளையாட்டுச் சாமான் மாதிரி விற்கிறார்கள். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. சூடு குறைந்த வகை க்ளூ கன்னிலேயே பசை சுமார் 120 டிகிரிக்குப் போகும். சூடு அதிகமான வகையில் 190 வரை. வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பசை தோலோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்து சுடும். பதறிப்போய் அதைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பிய்க்காதீர்கள். மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற வராது. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். 20 நிமிடம் என்பது ரொம்ப நேரம், கடிகாரம் பார்த்துச் செய்தால்தான் தெரியும். ஐஸ் வேண்டாம், மை, பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால் தாமதமாகத் தண்ணீர் காட்டினாலும் பலன் உண்டு. கொப்புளம் வந்தாலோ, விரல் மூட்டு, முகம் என்றாலோ, இடம் வெளுத்து உணர்ச்சி இல்லாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள்.

சூப்பர் க்ளூவில் இன்னொரு சங்கதி உண்டு, பலருக்குத் தெரியாது. அது பருத்தியில் பட்டால் மிக வேகமாக இறுகும். அந்த வேகத்தில் சூடு கிளம்பும், சமயத்தில் புகையே வரும். ஆசையாகப் பருத்திக் கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒரு பெண்ணின் மடியில் அது கொட்டி, தொடையில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். இன்னொருத்தி கையில் சிந்தியதைப் பஞ்சால் துடைத்தாள். அதுவும் அதே கதைதான். விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரிக்க வேண்டும். கண் சொட்டு மருந்து பாட்டிலும் இதுவும் ஏறக்குறைய ஒரே அளவு. தூக்கக் கலக்கத்தில் மாற்றி ஊற்றிக்கொள்வது உலகம் முழுக்க நடக்கிற விபத்து. இரண்டும் ஒரே தட்டில் இருக்க வேண்டாம்.

தீக்காயம் இல்லாதவர்களுக்குக் கட்டைவிரல் வலி. க்ளூ கன்னை அமுக்கி, ஓலையை மடித்து, நூலை இழுத்து, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டுத் தசைநார் உறை வீங்கிவிடும். 1895-இல் டி கெர்வைன் என்ற சுவிஸ் மருத்துவர் விவரித்ததால் அவர் பெயராலேயே சொல்கிறோம். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். சுரீர் என்றால் பெரும்பாலும் அதுதான். அரை மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் வந்திருக்காது.

மருதாணி பற்றி ஒரு வார்த்தை. அசல் மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும், அதற்கும் மணிக்கணக்கு ஆகும். அரை மணியில் கன்னங்கரேல் என்று பிடிக்கிற கோனில் பெரும்பாலும் தலைச்சாய ரசாயனம் இருக்கும். அது ஒருமுறை ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால் பிற்காலத்தில் தலைக்குச் சாயம் போடுவதே ஆபத்தாகிவிடும்.

சரி, தோழிகளைக் கூப்பிடவே கூடாதா? கூப்பிடுங்கள். ஆனால் கூப்பிடும் முன் நீங்களே பத்துக் கொட்டான் செய்து நேரம் பாருங்கள், அப்புறம் பெருக்குங்கள். சூடான வேலை பகலில், மேசை மேல், ஒருவர் கையில் மட்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். முக்கியமாக, வந்ததும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "யாருக்காவது கையில பட்டா உடனே எங்கிட்ட சொல்லணும், சகுனம் எல்லாம் நான் பாத்துக்கறேன்." விருந்தாளி தானாகச் சொல்ல மாட்டார், வீட்டுப் பெண்தான் வாயைத் திறந்து அனுமதி கொடுக்க வேண்டும்.

போன தை மாதம் ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்பே ஒரு மாதிரிக் கொட்டானோடு வந்தாள். பழைய கொட்டான்களில் குரோஷே பின்னலும் மணியும் தைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறாயா என்றேன். யோசித்துவிட்டுத் தோழிகளின் பங்கை 300-இலிருந்து 80 ஆக்கினாள். மீதியை ஓலை பின்னுகிற பெண்களிடமே கூலி கொடுத்துச் செய்யச் சொன்னாள். தோழிகள் சனிக்கிழமை காலை வெளிச்சத்தில் ஊசி நூலோடு உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்திருக்கிறார்கள். அந்தக் கல்யாணத்திலிருந்து என்னிடம் வந்தவர் ஒரே ஒருவர்: மாடியிலிருந்து ஜமக்காளக் கட்டைத் தனியாக இறக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்ட பெண்ணின் அப்பச்சி.