ரிப்போர்ட் நார்மல், ஆனால் வலி போகவில்லை

எல்லா டெஸ்டும் நார்மல் என்று டாக்டர் சொன்னால் நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் முதுகுவலியோடு, தினமும் காலையில் படுக்கையை விட்டு எழவே அரை மணி நேரம் போராடுகிற ஒருவருக்கு, அது பல நேரங்களில் "உனக்கு ஒன்றுமே இல்லை" என்றுதான் காதில் விழுகிறது. வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். இது பெரிய அநியாயம், ஏனென்றால் ரிப்போர்ட் அப்படிச் சொல்லவே இல்லை.

ரத்தத்தில் பார்க்கும் சிஆர்பியை (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) எடுத்துக்கொள்வோம். 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட புரதம் இது. உடலில் எங்காவது அழற்சி (இன்ஃப்ளமேஷன்) நடந்தால் அங்கே இருக்கும் செல்கள் இன்டர்லூகின்-6 போன்ற வேதிப்பொருட்களை வெளிவிடும், அவை ரத்தம் வழியாகக் கல்லீரலைத் தூண்டும், கல்லீரல் சிஆர்பியை உற்பத்தி செய்து ரத்தத்தில் கலக்கும். அதாவது நாம் அளப்பது வலிக்கிற இடத்தில் இருக்கும் அழற்சியை அல்ல, கல்லீரல் தந்த பதிலை. அழற்சி ஒரு சின்ன இடத்தில், உதாரணமாக தசைநார் எலும்போடு ஒட்டும் ஒரு புள்ளியில் மட்டும் இருந்தால், கல்லீரல் அசைந்து கொடுக்கும் அளவுக்கு ரத்தத்தில் எதுவும் சேராமலே போகலாம். வலி என்னவோ முழுசாக இருக்கும்.

முதுகெலும்பையும் அது இடுப்பெலும்போடு சேரும் மூட்டையும் தாக்குகிற ஆக்சியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைடிஸ் என்ற நோயில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இந்த நோய் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு சிஆர்பி நார்மலாகவே இருக்கும். எக்ஸ்ரே இன்னும் மெதுவானது. அது அழற்சியைக் காட்டாது, அழற்சி பல வருடம் எலும்பை அரித்த பிறகு மிஞ்சும் சேதத்தைத்தான் காட்டும். நோய் தொடங்கியதிலிருந்து அது இன்ன நோய் என்று கண்டறியப்படும் வரை சராசரியாக ஏழு வருடம் போய்விடுகிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எம்ஆர்ஐ? எலும்பு மஜ்ஜையில் தேங்கும் நீரைக் காட்டுவதால் சேதம் வருவதற்கு முன்பே பிடித்துவிட முடியும், பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதே மாதிரியான நீர்த்தேக்கம் ஓட்டப்பயிற்சி செய்பவர்களுக்கும், சமீபத்தில் பிரசவம் ஆன பெண்களுக்கும் எந்த நோயும் இல்லாமலே தெரிவதுண்டு. எச்எல்ஏ-பி27 என்ற மரபணு டெஸ்டும் இப்படித்தான்: இந்த நோயோடு அதற்கு உள்ள தொடர்பு 1973-லேயே தெரிந்துவிட்டது, ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க நோய் வருவதே இல்லை, அது இல்லாத சிலருக்கோ வருகிறது.

அப்படியானால் டாக்டர் எப்படித்தான் முடிவு செய்கிறார்? என் கணிப்பில் பலரும் தவறவிடும் இடம் இதுதான். ஒரு டெஸ்டின் பதிலுக்கு என்ன அர்த்தம் என்பது, அதற்கு முன் நோய்க்கான வாய்ப்பு எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. நோய் உள்ளவர்களில் 50 சதவீதம் பேரை சிஆர்பி பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 80 சதவீதம் பேருக்கு நார்மல் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். நீண்டநாள் முதுகுவலி என்பதைத் தவிர வேறு அறிகுறி இல்லாத ஒருவருக்கு வாய்ப்பு 5 சதவீதம் என்றால், நார்மல் ரிப்போர்ட் அதை 3 சதவீதத்துக்குக் கொண்டுவரும். இன்னொருவருக்கு வலி இருபத்தைந்து வயதில் தொடங்கியிருக்கிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது, பின்னிரவில் எழுப்பிவிடுகிறது, குடும்பத்திலும் இந்த நோய் இருக்கிறது. இவருக்கு வாய்ப்பு 60 சதவீதம் என்று டாக்டர் நினைத்திருந்தால், அதே நார்மல் ரிப்போர்ட்டுக்குப் பிறகும் கிட்டத்தட்ட 48 சதவீதம் மிச்சம் இருக்கும். ஒரே தாள், ஒரே எண், ஆனால் ஒருவரைப் பெரும்பாலும் தைரியமாக வீட்டுக்கு அனுப்பலாம், இன்னொருவரை அனுப்பவே கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நார்மல் ரிப்போர்ட்டோடு வரும் வலியெல்லாம் ஒளிந்திருக்கும் அழற்சி அல்ல. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு (டிஸ்க்) தேய்வது, உடல் முழுக்கப் பரவலாக வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்று உண்மையாகவே வலி தருகிற, ஆனால் அழற்சியை அடக்கும் மருந்துகளுக்குப் பெரிதாக மசியாத காரணங்களும் இருக்கின்றன. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தைத் தவறாக ஆரம்பித்தால் தொற்று ஆபத்து கூடும். அதனால் "இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம்" என்று ஒரு ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, அழற்சி நோய்களுக்கான நிபுணர்) சொன்னால், அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நேரங்களில் அதுதான் நேர்மையான பதில்.

அந்த இடைவெளியில் உங்களிடமிருந்து வரும் தகவல்தான் கணக்கை மாற்றும். காலை இறுக்கம் எத்தனை நிமிடம் நீடிக்கிறது, இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, வலி மாத்திரை போட்டதும் எவ்வளவு குறைகிறது என்று எழுதி வையுங்கள். சோரியாசிஸ், நாள்பட்ட குடல் அழற்சி, குதிகால் வீக்கம் இருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், ஒரு கண் திடீரென்று சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். அது கண்ணுக்குள் வரும் அழற்சியான யூவியைட்டிஸாக இருக்கலாம், உடனே பார்க்காவிட்டால் பார்வை கெடலாம். ஸ்பாண்டிலோஆர்த்ரைடிஸோடு அது அடிக்கடி சேர்ந்து வருவதால், முதுகுவலி பற்றியும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.