முலாம்பழத்தில் பூசணம் விதைத்தவர்

நறுக்கிய முலாம்பழத் துண்டை மூடாமல் வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடிக்கிறது. யாரும் எதையும் தூவவில்லையே, அது எங்கிருந்து வந்தது? அழுகலிலிருந்துதான் என்று 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்தவர்களே சொல்லி வந்தார்கள். காளான்களுக்கு விதை கிடையாது, அவை மக்கும் பொருளிலிருந்து தாமாக உருவாகின்றன என்று இத்தாலிய அறிஞர் லூயிஜி மார்சிலி 1714-இல் ஒரு நூலே வெளியிட்டார். அழுகிய இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈ இடும் முட்டையிலிருந்துதான் வருகிறது என்று ஃபிரான்செஸ்கோ ரெடி 1668-இலேயே காட்டியிருந்தார். ஆனாலும் காளான், பூசணம் ஆகிய பூஞ்சைகளைப் பற்றிய நம்பிக்கை அசையவில்லை.

அதை அசைத்தவர் ஃபுளோரன்ஸ் நகரத்துத் தாவரவியலர் பியர் அன்டோனியோ மிக்கேலி (1679–1737). ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். முறையான படிப்பு அதிகம் இல்லை. லத்தீனைத் தானாகவே கற்றுக்கொண்டார். 1706-இல் டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ டி மெடிசி அவரைத் தம் தாவரவியலராக அமர்த்தினார். 1716-இல் ஃபுளோரன்ஸில் தாவரவியல் சங்கம் ஒன்று தொடங்கியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அவருடைய முதன்மை நூல் ‘நோவா பிளாண்டாரும் ஜெனரா’ 1729-இல் வெளிவந்தது. அதிலுள்ள சுமார் 1900 தாவரங்களில் ஏறத்தாழ 1400 அதுவரை யாரும் விவரிக்காதவை. பூஞ்சைகளும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன்களும் மட்டும் 900 இருக்கும். செம்புத்தகடுகளில் படம் செதுக்கப் பெரும் பணம் தேவைப்பட்டது. அதற்கு உதவிய புரவலர்களின் பெயர்கள் படங்களிலேயே இருக்கின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பெயர் இந்த நூலில்தான் பிறந்தது. தலையில் சங்கிலிகளாக, ஸ்போர் எனப்படும் நுண்ணிய வித்துகள் நிற்கும் அந்தப் பூசணம், தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியை அவருக்கு நினைவூட்டியது.

பெயர் சூட்டியதைவிட, பூசணத்தை விதைத்துப் பார்த்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். முதலில் நுண்ணோக்கியில் காளானின் செவுள்களை, அதாவது குடைக்கு அடியில் தொங்கும் மெல்லிய தகடுகளைப் பார்த்தார். கோப்ரினஸ் என்ற வகைக் காளானில் வித்துகள் நான்கு நான்காக நிற்பதை வரைந்துவைத்தார். வித்துகளைத் தாங்கும் செல்லான பெசிடியம் ஒன்றுக்கு நான்கு வித்து என்று இன்று பாடப்புத்தகம் சொல்வது அதையேதான். பிறகு மியூகார், ஆஸ்பெர்ஜில்லஸ், போட்ரைடிஸ் ஆகிய பூசணங்களின் வித்துகளை மென்மையான தூரிகையால் எடுத்து, புதிதாக வெட்டிய முலாம்பழம், பேரிக்காய்த் துண்டுகளில் தடவினார். எந்தப் பூஞ்சையின் வித்தைத் தடவினாரோ அதுவே முளைத்தது.

ஆனால் சில துண்டுகளில் தடவாத பூஞ்சையும் கலந்து வளர்ந்தது. தாமாகத் தோன்றுகின்றன என்பவர்களுக்கு இதுவே சாட்சியாகப் போயிருக்கும். மிக்கேலியோ காற்றில் வித்துகள் மிதக்கின்றன, அவை வந்து விழுந்திருக்கின்றன என்று எடுத்துக்கொண்டார். அவருடைய ஆய்வில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த முடிவைத்தான்.

கணக்கும் அவர் பக்கம்தான். ஆஸ்பெர்ஜில்லஸ் வித்தின் விட்டம் 3 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அசையாத காற்றில் அது விநாடிக்குச் சுமார் அரை மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஒருவர் நடந்தாலே எழும் காற்று அதைத் திரும்ப மேலே தூக்கிவிடும்.

சோதனையை இன்று செய்து பார்ப்பவர்களுக்கு முலாம்பழத்தைவிட உருளைக்கிழங்கு நல்லது. வேகவைத்தாலும் குழையாமல் நிற்கும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் துண்டுகள் வெட்டி, மூன்று கண்ணாடிக் குப்பிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து, பிரஷர் குக்கரில் முழு அழுத்தத்தில் 20 நிமிடம் வையுங்கள். குக்கர் தானாக ஆறிய பின் மூடிகளை இறுக்குங்கள். முதல் குப்பியைத் திறக்கவே கூடாது, அது ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டாவதை, காற்றிலுள்ள வித்துகள் விழும்படி பத்து நிமிடம் திறந்துவைத்து மூடுங்கள். மூன்றாவதில், தீயில் சுட்டு ஆறவிட்ட ஊசியால் ரொட்டிப் பூசணத்தைத் தொட்டு, துண்டின் நடுவில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். ஊசி ஆறாமல் இருந்தால் வித்து வெந்து செத்துவிடும். குப்பிக்குள் நீர் தேங்கினால் பாக்டீரியா முந்திக்கொண்டு துண்டு கொழகொழப்பாகிவிடும். வேகமாகப் படரும் ரைசோபஸ் என்ற பூசணம் கலந்திருந்தால் இரண்டே நாளில் எல்லாவற்றையும் மூடிவிடும். வளர்ந்த பின் குப்பிகளைத் திறக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இந்தச் சோதனையையே தவிர்ப்பது நல்லது. முடிந்ததும் மூடியைச் சற்றே தளர்த்தி, அப்படியே மீண்டும் குக்கரில் 20 நிமிடம் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

மிக்கேலி தவறியதும் உண்டு. காளான்களுக்கும் பூ இருக்க வேண்டும் என்று நம்பி, செவுளின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த செல்களைப் பூக்கள் என்று கருதினார். அவை சிஸ்டிடியங்கள், பூவோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் கோப்ரினஸில் செவுளின் பரப்பிலுள்ள பெரிய சிஸ்டிடியங்களின் வேலையைச் சரியாகச் சொன்னார். அவை பக்கத்துப் பக்கத்துச் செவுள்கள் ஒட்டிக்கொள்ளாமல் விலக்கிப் பிடிக்கின்றன. அந்த இடைவெளி ஏன் வேண்டும்? பெசிடியத்திலிருந்து வித்து முதலில் பக்கவாட்டில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தெறித்து, பிறகுதான் நேர் கீழே விழுகிறது. செவுள்கள் ஒட்டினால் எதிர்ச் சுவரில் அப்பிக்கொள்ளும், வெளியே வராது.

சமகாலத்தவர் பலர் ஏற்கவில்லை. 1767-இல்கூட, உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ், பூஞ்சை வித்துகள் நீரில் புழுக்களாக மாறுகின்றன என்ற கருத்துக்கு இடம் கொடுத்து, விலங்குகளின் பட்டியலில் ‘கேயாஸ் ஃபங்கோரம்’ என்றொரு பெயரைச் சேர்த்தார். அதே லின்னேயஸ்தான் நம் செண்பகத்துக்கு மிக்கேலியின் நினைவாக ‘மிக்கேலியா’ என்று பேரினப் பெயர் வைத்தவர். இப்போது அது மக்னோலியாவில் சேர்க்கப்பட்டுவிட்டது.

1736-இல் மான்டே பால்டோ மலைக்குச் செடி சேகரிக்கப் போன இடத்தில் மிக்கேலிக்கு நுரையீரல் உறை அழற்சி வந்தது. 1737 ஜனவரியில் ஃபுளோரன்ஸில் இறந்தார். நூலின் அடுத்த பகுதி அச்சேறவில்லை. அவருடைய சேகரிப்புகள் மாணவர் ஜொவான்னி டார்ஜியோனி டொசெட்டியிடம் வந்தன. 1766-இல் டஸ்கனியின் கோதுமை வயல்களைத் துரு நோய் அழித்தபோது, அது பனியாலோ மூடுபனியாலோ வந்ததல்ல, கோதுமைக்குள் வளரும் ஒட்டுண்ணியான சிறு தாவரம் என்று அடுத்த ஆண்டே எழுதியவர்களில் அந்த மாணவரும் ஒருவர்.