ஒரு காலியிடத்தின் வேலை

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வாங்கிய பைக்காக இருந்தால், என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயைப் பாருங்கள். பலவற்றில் ஸ்பார்க் பிளக் மாதிரி ஒன்று திருகியிருக்கும், பின்னால் ஒயர் தொங்கும். அது ஆக்சிஜன் சென்சார். பெரும்பாலும் அதற்குள் இருப்பது வெள்ளைப் பீங்கான். மின்கம்பத்துப் பீங்கானைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இது சூடேறினால் ஆக்சிஜன் அயனிகளைத் தன் உடம்புக்குள்ளேயே நடக்கவிடும் என்பது வியப்புதான்.

பொருளின் பெயர் சிர்க்கோனியா, அதாவது சிர்க்கோனியம் உலோகத்தின் ஆக்சைடு. சுத்தமாக இருந்தால் உதவாது: சுட்டு ஆறும்போது 1000 டிகிரி செல்சியஸ் பக்கம் அணு அடுக்கு மாறி, பருமன் கூடி, விரிசல் விட்டுவிடும். போதிய இட்ரியா (இட்ரியம் உலோகத்தின் ஆக்சைடு) கலந்தால் அடுக்கு கனசதுரமாகவே நிற்கும். இந்தக் கலவையை ஒளிரவைத்து 1897இல் விளக்கு செய்தார் ஜெர்மனியின் வால்டர் நெர்ன்ஸ்ட். அது எப்படி மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை 1943இல்தான் கார்ல் வாக்னர் விளக்கினார்.

சிர்க்கோனியத்தின் மின்னூட்டம் +4, இட்ரியத்துக்கு +3. இரண்டு இட்ரியம் உள்ளே வந்தால் கணக்கில் இரண்டு குறையும். அதை ஈடுகட்ட −2 கொண்ட ஓர் ஆக்சிஜனின் இடம் காலியாகும். நெருக்கியடித்து உட்கார்ந்த பெஞ்சில் ஒருவர் எழுந்தால்தானே பக்கத்தவர் நகர முடியும்? பக்கத்து ஆக்சிஜன் அந்த இடத்துக்குத் தாவும், அது விட்ட இடத்துக்கு அடுத்தது வரும்.

அப்படியானால் இட்ரியாவை அள்ளிப் போட்டால் என்ன? மோல் கணக்கில், அதாவது எண்ணிக்கையில், நூற்றுக்கு எட்டு வரை கடத்துதிறன் ஏறும். அதற்கு மேல் இறங்கும். எனக்கு இந்தப் பொருளில் பிடித்த புதிரே இதுதான். காலியிடம் யார் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கனமான சிர்க்கோனியத்தின் அருகில் லேசான ஆக்சிஜன் எக்ஸ் கதிருக்குச் சரியாகப் புலப்படாது. நியூட்ரானுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இரண்டும் காட்டுவது மொத்த அடுக்கின் சராசரி. ஒவ்வொரு தனிமமும் எக்ஸ் கதிரை எப்படி உறிஞ்சுகிறது என்று பிரித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது: இட்ரியத்தைச் சுற்றி இருக்க வேண்டிய எட்டு ஆக்சிஜனும் ஏறக்குறைய இருக்கின்றன, காலியிடம் விழுவது சிர்க்கோனியத்தின் பக்கம். தாவும் ஆக்சிஜன் இரண்டு உலோக அயனிகளின் நடுவே நுழைய வேண்டும். இட்ரியம் பெரியது, அது நிற்கும் வாசல் குறுகலானது. இட்ரியம் கூடக்கூட குறுகிய வாசல்களும் கூடும், காலியிடங்களும் ஒன்றையொன்று மறிக்கும்.

சிர்க்கோனியத்தின் அளவை ஒட்டிய ஸ்காண்டியத்தைக் கலந்தால் அயனிகள் இன்னும் எளிதாக ஓடுகின்றன. விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது.