எஸ்எம்பிஎஸ்: சொடுக்குமுறை மின்வழங்கி

மேசைக் கணினியின் பின்பக்கம், கரண்ட் வயரைச் செருகுகிற இடத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே ஒரு விசிறி. பக்கத்துத் துளை வழியாக மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கத்தையாகக் கம்பிகள் வெளியே வரும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் சரி, சின்ன ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவரிடம் கேட்டாலும் சரி, அதன் பெயர் எஸ்எம்பிஎஸ். 'எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு' என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 'பவர் சப்ளை' என்றோ 'பிஎஸ்யூ' என்றோதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். நம் நாட்டுக் கடைப் பேச்சில்தான் நான்கெழுத்துச் சுருக்கம் முழுசாக நிலைத்திருக்கிறது.

இது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு என்றே நினைக்கிறேன். 'பவர் சப்ளை' என்ற பெயர் அந்தப் பெட்டி என்ன தருகிறது என்பதை மட்டும் சொல்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் விரிவான 'ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை'யில் முதல் இரண்டு சொற்கள் அது எப்படித் தருகிறது என்பதையும் சொல்லிவிடுகின்றன. வீட்டிலேயே அதைத் திறந்து மாற்றியமைத்துக் கெடுத்துக்கொள்கிறவர்களில் பலர் அந்த 'எப்படி'யைக் கவனிக்காமல் கை வைத்தவர்கள்.

முதல் சொல்லிலிருந்து தொடங்குவோம். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் 'ஸ்விட்ச்' என்றால் வளைந்துகொடுக்கும் மெல்லிய குச்சி, குதிரையை விரட்டும் சிறு சாட்டை என்று பொருள். பிறகு தண்டவாளத்தில் வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திருப்பிவிடும் அசையும் துண்டுக்கு அந்தப் பெயர் போனது. மின்சுற்றைச் சேர்க்கவும் துண்டிக்கவும் உதவும் கருவிக்கு அது வந்தது 19-ஆம் நூற்றாண்டில். 'சப்ளை' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல்; 'குறைவதை நிரப்பு' என்பது அதன் அடிப்பொருள்.

இனி அந்த 'ஸ்விட்ச்' இந்தப் பெட்டிக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். டேப் ரிக்கார்டர் காலத்து எலிமினேட்டரை (பேட்டரிக்குப் பதிலாகச் சுவர் மின்சாரத்தில் ஓட்ட உதவிய பெட்டி) திறந்து பார்த்தவர்களுக்கு உள்ளே கனமான ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது நினைவிருக்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அது முதலில் குறைக்கும், டையோடுகள் அதை நேர்மின்சாரமாக்கும். சீரான அழுத்தம் வேண்டுமென்றால் அடுத்து ஒரு டிரான்சிஸ்டர் மிகுதியை வெப்பமாக்கிக் கழிக்கும். 15 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டை 10 ஆம்பியரில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: பயன்படுவது 50 வாட், சூடாகப் போவது 100 வாட். ஒரு குடம் தண்ணீருக்காக இரண்டு குடத்தைத் தரையில் கொட்டுவது போன்ற கணக்கு இது.

எஸ்எம்பிஎஸ் தலைகீழ் வரிசையில் வேலை செய்கிறது. 230 வோல்ட்டைக் குறைக்காமல் அப்படியே நேர்மின்சாரமாக்கிவிடும். அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். அந்த 325 வோல்ட்டைத்தான் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை சேர்த்துச் சேர்த்துத் துண்டிக்கின்றன. 'ஸ்விட்ச்டு' என்பது இதுதான். அதிர்வெண் இவ்வளவு கூடிவிடுவதால் கைக்குள் அடங்கும் டிரான்ஸ்பார்மரே போதும். டிரான்சிஸ்டர் ஒன்று முழுதாகக் கடத்துகிறது, இல்லையென்றால் முழுதாக அடைத்துக்கொள்கிறது. இடைநிலையில் நின்று சூடாவதற்கு நேரம் மிகக் குறைவு.

எவ்வளவு நேரம் சேர்ந்திருக்க வேண்டும், எவ்வளவு நேரம் துண்டித்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு சிறு சில்லு. பழைய கணினிப் பெட்டிகளில் பெரும்பாலும் டிஎல்494 அல்லது அதற்கு நிகரான கேஏ7500. வெளியே போகும் அழுத்தத்தில் ஒரு சிறு பங்கு அதற்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். அழுத்தம் குறைந்தால் சேர்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டும், கூடினால் குறைக்கும். இந்தப் பின்னூட்டம்தான் கருவியின் உயிர். பெயரில் அதற்கு இடமில்லை என்றாலும் 'மோட்' என்ற சொல்லுக்குள் அது அடங்கியிருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சொடுக்கும் வகை மின்வழங்கிகள் கணினி வீட்டுக்கு வருவதற்கு முன்பே விண்வெளிக் கருவிகளிலும் விலை உயர்ந்த அளவுகருவிகளிலும் இருந்தன. வீட்டுக் கணினியில் அதைப் பரவலாக அறியச் செய்தது 1977-இல் வந்த ஆப்பிள் 2. அதன் மின்வழங்கியை வடிவமைத்தவர் ராட் ஹோல்ட். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியிலும் இதே வகைதான், திறன் 63.5 வாட். இன்று கடையில் கிடைக்கும் பெட்டியின் அளவு, கம்பி நிறம், இணைப்பான் எல்லாம் 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் வரையறையிலிருந்து வந்தவை.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'பவர் சப்ளை'க்கு மின்வழங்கி என்பதே என் தேர்வு. 'பவர்' என்றால் இயற்பியலில் திறன், அதனால் 'திறன் வழங்கி' என்றுதானே வர வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பவர் கட்டை நாம் மின்வெட்டு என்கிறோம், திறன்வெட்டு என்று யாரும் சொல்வதில்லை. பவர் ஸ்டேஷன் மின்நிலையம் ஆயிற்று. அன்றாடத் தமிழ் இந்த இடங்களில் 'மின்' என்ற ஓரசையையே தேர்ந்தெடுத்திருக்கிறது, அது சரியான தேர்வு. இலங்கையில் பவருக்கு 'வலு' என்ற சொல் நிலைபெற்றது. அமைச்சின் பெயரிலேயே மின்வலு இருந்திருக்கிறது. அதனால் அங்கே 'வலு வழங்கி' என்பது இயல்பாக ஒலிக்கிறது. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

'சப்ளை'க்கு வழங்கல் என்பது அரசுத் தமிழில் பல காலமாக இருப்பது. சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் என்ற பெயரை எல்லோரும் பார்த்திருப்போம். செய்யும் பொருளுக்கு இகர ஈறு சேர்ப்பதும் பழகிய வழிதான்: மின்தேக்கி, மின்மாற்றி, உருகி. ஒரு சிக்கல் உண்டு. கணித்தமிழில் 'சர்வர்' என்பதற்கும் வழங்கி என்றே எழுதுகிறார்கள். ஆகவே முன்னால் வரும் 'மின்'னை விட்டுவிடக் கூடாது.

கடினமான பகுதி 'ஸ்விட்ச்டு'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சுற்றுப் படங்களில் சாவி என்று வரும். இலங்கையில் ஆளி. 'நிலைமாற்றி' என்றும் எழுதுகிறார்கள். 'மாறுமுறை' என்று போட்டால் மாறுதிசை மின்னோட்டத்தோடு குழம்பிவிடும். சாவியும் ஆளியும் பெயர்ச்சொற்கள், அவற்றிலிருந்து வேகமான செயலைக் குறிக்கும் வினை கிடைப்பதில்லை. சொடுக்கு என்பதில் அந்த வினை இருக்கிறது. விரலைச் சொடுக்குகிறோம், வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குகிறார். ஆங்கிலச் சொல் எந்தச் சாட்டையிலிருந்து கிளம்பியதோ, அந்தச் சாட்டைக்கு நம்மிடம் உள்ள வினையும் இதுவே. சுட்டெலியை அழுத்துவதற்கும் சொடுக்கு என்கிறோமே என்றால், அங்கேயும் கணநேரச் செயல்தான் குறிக்கப்படுகிறது. ஆகவே சொடுக்குமுறை மின்வழங்கி. கடையில் போய் இதைச் சொல்லிக் கேளுங்கள் என்று வற்புறுத்த மாட்டேன், அங்கே எஸ்எம்பிஎஸ் போதும். பாடம் எழுதும்போதும் பழுது விளக்கும்போதும் முழுச்சொல் உதவும்.

எப்படி உதவும் என்பதற்கு, பலர் செய்து பார்க்கும் ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். பழைய கணினியிலிருந்து கழற்றிய ஏடிஎக்ஸ் பெட்டியை மின்னணுச் சோதனைகளுக்கான மேசை மின்வழங்கியாக மாற்றுவது. பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால் பெட்டி ஓடத் தொடங்கும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. வேண்டாத கம்பிகளை வெட்டி எறிந்துவிட்டு, இருப்பதை நிறவாரியாகச் சேர்த்துத் திருகாணி முனைகளில் பொருத்துவார்கள். அப்படிப் பொருத்திய பாலிடெக்னிக் மாணவர் ஒருவரின் பெட்டி என்னிடம் வந்தது. சொடுக்கியைப் போட்டால் விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடுகிறது. 'சார், அடிச்சிருச்சு போல' என்றார்.

அடித்துவிடவில்லை. ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் இருந்தது. கணினி அணைந்திருக்கும்போதும் வந்துகொண்டிருக்கும் காத்திருப்பு மின்சாரம் அது. அது இருந்தால் உருகியும், 230 வோல்ட் நுழையும் முதல்நிலைப் பகுதியில் அதை நேர்மின்சாரமாக்கும் திருத்தியும் நலம். அப்படியென்றால் பிரதான பகுதி தொடங்கி, எதையோ பார்த்துத் தானே நிறுத்திக்கொள்கிறது. இணைப்பானில் ஆரஞ்சுக் கம்பி நுழையும் ஒரு முனையில் (20 முனை இணைப்பானில் 11, 24 முனையில் 13) மெல்லிய பழுப்புக் கம்பி ஒன்றும் சேர்ந்து நுழையும். பார்ப்பதற்குத் தேவையற்றது போலத் தெரியும். 3.3 வோல்ட் தாய்ப்பலகையை (மதர்போர்டை) எவ்வளவில் அடைகிறது என்று சில்லுக்குத் திருப்பிச் சொல்லும் உணர்கம்பி அது. அதை வெட்டிவிட்டால் பின்னூட்டம் அறுந்துவிடும். காப்புச்சுற்று பெரும்பாலும் உடனே நிறுத்திவிடும். பழுப்பை மறுபடி ஆரஞ்சோடு சேர்த்ததும் அந்தப் பெட்டி ஓடியது. 'சொடுக்குமுறை' என்ற சொல்லைப் புரிந்துகொண்டவர் அந்தக் கம்பியை வெட்டியிருக்க மாட்டார். வெறும் 'பவர் சப்ளை' என்று நினைக்கிறவருக்கு அது ஒரு மிச்சக் கம்பி.

இதே பின்னூட்டத்தில்தான் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பழைய பெட்டிகளில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒரே சில்லின் கட்டுப்பாட்டில், ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்து வரும். 5 வோல்ட்டில் சுமையே இல்லாமல் 12-ஐ மட்டும் இழுத்தால் 12 தொய்ந்துவிடும், 5 ஏறும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 10 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றைப் பொருத்தி அரை ஆம்பியர் சுமை கொடுப்பது வழக்கம். வானொலிக் கருவிக்காக 12-ஐ 13.8 ஆக்கப் பின்னூட்ட மின்தடையை மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்றினால் 5-உம் கூடவே ஏறும், மிகையழுத்தக் காப்பு பெட்டியை நிறுத்தும். அந்தக் காப்பையும் கழற்றிவிடலாம் என்று துணிவதுதான் ஆபத்து. 12 வோல்ட் பக்கத்து மின்தேக்கிகள் பெரும்பாலும் 16 வோல்ட்டுக்கானவை, அதற்கு மேல் தாங்கும் இடைவெளி மிகக் குறைவு.

கடையில் மின்தேக்கியைக் கண்டென்சர் என்பார்கள். அதன் தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதை மாற்ற வேண்டும். 105 டிகிரி வெப்பம் தாங்கும், உள்தடை குறைந்த வகையே வேண்டும், ஏனென்றால் அது தாங்குவது சொடுக்கலின் வேகத்தை. சாதாரண வகையைப் போட்டால் சீக்கிரமே மறுபடி உப்பும். சத்தம் பொறுக்காமல் விசிறியைக் கழற்றியவர்களின் பெட்டியில் இந்தப் பழுது அதிகம்.

உருகி போயிருந்தால் கதை வேறு. கண்ணாடி உள்ளே கருத்திருந்தால் முதல்நிலையில் நேரடி ஷார்ட். வெப்பத்தகட்டைக் கழற்றிப் பூட்டும்போது டிரான்சிஸ்டருக்கு அடியில் இருந்த காப்புத்தாளை விட்டுவிட்டாலே போதும். புது உருகி போட்டு நேரே சொருகுவது அடுத்த வெடிப்புக்கு வழி. மல்டிமீட்டரால் டையோடு பாலத்தையும் டிரான்சிஸ்டர்களையும் பார்த்த பிறகு, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்துச் சொருகுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் முதல்நிலை பரவாயில்லை. பிரகாசமாகவே நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. பின்புறம் 115, 230 என்று வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் சிவப்புத் தேர்வியை 115-க்குத் தள்ளி 230-இல் சொருகியிருந்தால் அழுத்தம் இரட்டித்து, 200 வோல்ட் தாங்கும் இரு பெரிய மின்தேக்கிகளும் வெடித்திருக்கும்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் அந்தப் பெரிய மின்தேக்கிகளை மீட்டரால் அளந்துவிடுங்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்னூட்டம் நிற்கும், சொடுக்கும் பகுதி செத்துப்போன பெட்டியில் இன்னும் நெடுநேரம் நிற்கும். எலிமினேட்டரில் டிரான்ஸ்பார்மர் 230-ஐ முதலிலேயே குறைத்துவிட்டதால் உள்ளே கை வைப்பது அவ்வளவு ஆபத்தாக இல்லை. இங்கே 325 வோல்ட் பலகையின் பாதியில் பரவியிருக்கிறது. உயர் அழுத்தத்தில் கை பழகாதவர் திறக்காமல் விடுவதே நல்லது, புதுப் பெட்டியின் விலை உயிருக்கு ஈடாகாது.

சரிசெய்த பெட்டியைக் கணினியில் மாட்டுவதற்கு முன் சுமையோடு அளக்க வேண்டும். ஏடிஎக்ஸ் வரையறை அனுமதிப்பது 5 விழுக்காடு: மஞ்சளில் 11.40 முதல் 12.60 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் ஏறக்குறைய 3.14 முதல் 3.47 வரை. சாம்பல் நிறக் கம்பியில் 5 வோல்ட் வந்தால், எல்லாம் ஒழுங்கு என்று மின்வழங்கியே தாய்ப்பலகைக்குச் சொல்கிறது என்று பொருள். பெட்டி ஓடத் தொடங்கி 100 முதல் 500 மில்லிநொடிக்குள் அது வர வேண்டும்.