மழைக்காலத்து ரத்தக்கழிச்சல்

போன ஐப்பசி அடைமழையில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மாதக் குஞ்சு ஒன்று கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றது. சிறகைத் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கி வழிந்தது. கோழிகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடையைத் தூக்கினால், ஈரச் செம்மண்ணில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல எச்சம். காரைக்குடிப் பக்கம் கோழி வளர்க்கிறவர்களுக்குப் பழகிப்போன ரத்தக்கழிச்சல்தான்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, பெரிய கோழிகளும் சேர்ந்து விழுந்தால் அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல். அது வைரஸ் நோய். வந்தபின் மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ரத்தக்கழிச்சலுக்கு மருந்து உண்டு. சாக்லேட் நிறத்தில் கொழகொழவென்று அவ்வப்போது விழும் எச்சம் நோயே இல்லை, சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் பைபோல இருக்கும் குருட்டுக்குடலிலிருந்து வருவது. பயப்பட வேண்டாம்.

ரத்தக்கழிச்சலைக் கொண்டுவருவது ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அதன் முட்டை போன்ற உறை எச்சத்தோடு வெளியே வரும்போது யாருக்கும் நோய் தராது. ஈரம், வெதுவெதுப்பு, காற்று மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் 'பழுத்து', உள்ளே எட்டு உயிர்கள் உருவாகிவிடும். மழைக்காலத்துப் பஞ்சாரத்தடியில் இந்த மூன்றுக்கும் குறைவில்லை.

குஞ்சு அதைக் கொத்தி விழுங்குகிறது. தானியம் அரைபடுகிற அரைவைப்பையிலேயே உறையும் உடைகிறது. பித்தநீரும் செரிமான நொதிகளும் உள்ளிருப்பவற்றை விடுவிக்கின்றன. அவை குருட்டுக்குடல் சுவரின் செல்களுக்குள் புகுந்து பெருகுகின்றன. நான்கைந்து நாள் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு செல்கள் மொத்தமாக வெடிக்கும்போதுதான் ரத்தம். அதாவது, ரத்தத்தைப் பார்க்கிற அன்று நோய்க்கு வயது ஐந்து நாள். அதற்குள் மற்றக் குஞ்சுகளும் அதே தரையைக் கொத்தியிருக்கும். அதனால், ஒரு குஞ்சு கழிந்தாலும் அந்தக் கூட்டம் முழுவதற்கும் மருந்து கொடுக்க வேண்டும்.

கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது ஆம்ப்ரோலியம். பி1 என்னும் தயமின் சத்தைப் போன்ற வடிவம் அதற்கு. ஒட்டுண்ணி அதைச் சத்தென்று நம்பி எடுத்துக்கொண்டு, உண்மையான தயமின் கிடைக்காமல் பட்டினியில் சாகிறது. குஞ்சு பாவம் என்று அதே நேரத்தில் பி வைட்டமின் டானிக்கையும் கலந்து கொடுத்தால் ஒட்டுண்ணிக்குத்தான் சோறு போடுகிறோம். அன்பினால் செய்கிற இந்தத் தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. டானிக்கை மருந்துக்காலம் முடிந்தபின் கொடுங்கள்.

மருந்தைத் தண்ணீரில் கலப்பதற்கும் காரணம் உண்டு. நோயுற்ற குஞ்சு இரை எடுக்காது, தண்ணீர் குடிக்கும். முற்றத்தில் தேங்கிய மழைநீரைக் குடிக்க விட்டால் மருந்து உள்ளே போகாது. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோய்க்குஞ்சைத் தனியே, காய்ந்த சாக்கின் மேல், கதகதப்பாக வையுங்கள்.

வளர்ந்த கோழிகள் கொஞ்சம் கொஞ்சமாக இதைத் தின்று எதிர்ப்புச் சக்தி பெற்றவை. நோய் தெரியாமலே எச்சத்தில் பரப்பும், தாய்க்கோழியும் அப்படித்தான். ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்று நானும் நினைத்திருந்தேன். உறை அதற்கெல்லாம் அசையாது. கழுவின ஈரம்தான் மிச்சம். அதைக் கொல்வது வெயிலும், ஈரமில்லாமல் காய்ந்த தரையும்.

என் அப்பத்தா தினமும் விடிந்ததும் பஞ்சாரத்தடி எச்சத்தைச் சுரண்டி அள்ளிவிட்டு, "தரை காயட்டும்டா" என்று அடுப்புச் சாம்பலைத் தூவுவார். ஒரு நாள் எச்சத்தை மறுநாள் காலையிலேயே அள்ளிவிட்டால் அதில் பெரும்பகுதி பழுக்க நேரமே இருக்காது. இந்த மழைக்கு நானும் விடியற்காலையில் மண்வெட்டியோடு பின்கட்டுக்குப் போகிறேன்.