பெல்ட் போட்டதும் முதுகு வலி குறைகிறதே, எப்படி?

முதுகு வலிக்கு பெல்ட் வாங்குகிறவர் எப்போது வாங்குகிறார்? குனிந்து செருப்பு மாட்ட முடியாத அளவுக்குப் பிடித்துக்கொண்ட நாளில்தான். வலி உச்சத்தில் இருக்கும் அந்த நாளுக்கு அப்புறம் அது பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். திடீரென வரும் சாதாரண இடுப்பு வலி பலருக்கு ஒன்றும் செய்யாமலே சில வாரங்களில் தணிந்துவிடும், ஆனால் நல்ல பேர் பெல்ட்டுக்குப் போய்விடுகிறது. ஐந்து நட்சத்திரம் போட்டு "சரியாகிவிட்டது" என்று எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. பெல்ட் போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் அதைச் செய்து 2000-இல் வெளியிட்டது. 160 கடைகளில் சரக்கு தூக்கி இறக்கும் 9,377 பேர். தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும், எப்போதாவது கட்டியவர்களுக்கும் கட்டவே கட்டாதவர்களுக்கும் முதுகு வலியிலோ, காயத்துக்கு இழப்பீடு கேட்டதிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பெல்ட் கட்டாயம் என்று விதி போட்ட கடைகளிலும் அதே கதைதான்.

பெல்ட் சும்மா இருப்பதில்லை. இறுக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும், இடுப்பைத் திருப்புவது கொஞ்சம் கட்டுப்படும், பிடிமானமாகத் தோன்றும். அந்தத் தெம்பு நிஜம்; ஆனால் அது வலி திரும்ப வராமல் தடுப்பதில்லை. (எலும்பு முறிவுக்கு டாக்டர் போடச் சொல்லும் பட்டை வேறு விஷயம்.)

தோளைப் பின்னால் இழுக்கும் எலாஸ்டிக் பட்டையும் போட்டிருக்கும் வரை நிமிர்த்தும், அக்குளை அறுக்கும், கழற்றினால் பழையபடி கூன். அந்தக் கூன்தான் வலிக்குக் காரணம் என்பதற்கே வலுவான ஆதாரம் இல்லை என்பதை விளம்பரத்தில் யார் சொல்லப் போகிறார்கள்?

மெத்தை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆச்சரியம். முதுகு வலி என்றால் கெட்டியான மெத்தை, இல்லாவிட்டால் வெறுந்தரை என்றுதானே சொல்வார்கள்? ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரிடம் சோதித்து 2003-இல் வெளிவந்த ஆய்வில், கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது.

வலி திரும்ப வராமலிருக்க எது உதவுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வந்த அலசலில் தேறியது உடற்பயிற்சிதான், அதுவும் தொடர்ந்து செய்தால். பெல்ட்டும் செருப்புக்குள் வைக்கும் மெத்தையும் தேறவில்லை.